மாமியார் எழுந்திருக்கவில்லை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் அத்தை எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் எங்கள் வயதுக்கு எவ்வளவு நலமாக இருக்க முடியுமோ அவ்வளவு நலம். நீயும் உன் வயிற்றில் இருப்பதும் அதைவிட ஒரு மடங்கு கூடுதலாக நலமாக இருக்க வேண்டும். சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்க வேண்டாம், கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று நான் சொன்னதாகச் சொல். மரியாதையெல்லாம் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது குழந்தை பிறந்திருக்கும். அதுவரை இதை என் பீரோவில் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டிவிடுவதாக முடிவு. படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, எந்தக் கவலையும் அண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில்தானே நின்றேன்? போன வருஷம் ஆனதற்குப் பிறகு, இந்த முறை ஒரு சொல்கூட உன்னை நோகடிக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் சாயங்காலம் நீ போனில் "வகுப்பு எப்படிப் போகுது அத்தை?" என்று கேட்கும்போதெல்லாம் "ஜோரா நடக்குதும்மா" என்றேன். அதில் "நடக்குது" என்ற சொல் மட்டும் உண்மை. என்ன நடந்தது என்பதை இப்போது எழுதுகிறேன். எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும்.

நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, உன் கம்ப்யூட்டர் தட்டச்சு வகுப்பை என் கையில் ஒப்படைத்துவிட்டு, வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு கண்ணாடியை இறக்கி என்னிடம் சொன்னாய்: "அத்தை, காலைல சர்வர் பட்டனை அழுத்துங்க. பச்சை விளக்கு சிமிட்டறது நின்னதும் சின்னப் பொட்டிங்களை ஒவ்வொண்ணா போடுங்க. வேற எதையும் தொடாதீங்க." டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவளுக்கு, ஒரு பட்டனை அழுத்த இவ்வளவு உபதேசமா என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்புக்குத்தான் இத்தனையும் அனுபவித்தேன் என்று நினைக்கிறேன். அந்தப் பொட்டிகளுக்கு "தின் கிளையன்ட்" என்று பெயர் என நீ முதன்முதலில் சொன்னபோது, தின்பது யார், எதைத் தின்கிறது என்று நான் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கும். இப்போது தெரிகிறது, அது தின்பது மனுஷர்களின் நிம்மதியை.

நான் புரிந்துகொண்ட வரையில் விவரம் இதுதான். தப்பாக இருந்தால் திருத்து. பன்னிரண்டு பொட்டிகளுக்குள்ளும் ஒன்றுமே கிடையாது. காலையில் கண் விழித்ததும் தான் யார், தன் முகவரி என்ன என்பதுகூட அதற்குத் தெரியாது. ஒயர் வழியாக "யாராவது சொல்லுங்களேன்" என்று கூவுகிறது. மூலை அலமாரியில் இருக்கும் சர்வர் "உன் முகவரி இது" என்று சொல்லி, அன்றைக்கு வேண்டிய சகலத்தையும் பொட்டலம் கட்டி அனுப்பி வைக்கிறது. அதற்குப் பிறகுதான் திரையில் படம் வரும், மாணவிகள் தட்டச்சு செய்ய முடியும். முதல் சில நாள் எல்லாம் அப்படியே நடந்தது. ஸ்டேஷனரிக் கடையின் மாடிப்படி ஏறி, பூட்டைத் திறந்து, பட்டனை அழுத்தி, பச்சை விளக்கு நிற்கும்வரை ஜன்னல் பக்கம் தூசு தட்டி, பொட்டிகளைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எனக்கே என்மேல் ஒரு மதிப்பு வந்துவிட்டது.

அப்புறம் உன் மாமா துணைக்கு வந்தார். வீட்டில் தனியாக இருந்தால் நேரம் போகவில்லையாம். வாசல் பக்க நாற்காலியில் உட்கார்ந்து போனில் செய்தித்தாள் படிப்பார், அவ்வளவுதான் அவர் செய்யும் துணை. அந்த மூலையில் போனுக்கு சிக்னல் வரவில்லை என்று இரண்டு நாள் முனகினார். மூன்றாம் நாள் முனகல் நின்றது. எப்படி நின்றது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், இந்த மனுஷர் முனகாமல் இருக்கிறார் என்றால் ஏதோ செய்துவிட்டார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

அதற்கு அடுத்த நாள் காலையில் பன்னிரண்டில் ஏழு எழுந்தது, ஐந்து எழவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக எதையோ புலம்பிக்கொண்டு நின்றது. அணைத்துப் போட்டால் எழாததில் இரண்டு எழும், எழுந்ததில் மூன்று படுக்கும். மாணவிகள் ராசியான நாற்காலி எது என்று ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார்கள். சீக்கிரம் வந்து துப்பட்டாவைப் போட்டு இடம் பிடிப்பதும், "நேத்து நீதானே அங்க உட்கார்ந்தே" என்று மல்லுக்கு நிற்பதுமாக, வகுப்பு பஸ் மாதிரி ஆகிவிட்டது. நானோ மாணவிகளில் அந்தத் தையல்காரம்மாவைப் பிடித்துக்கொண்டேன். பாவம், அவள் பகலெல்லாம் மிஷின் மிதிக்கிறவள், உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். "நீ மேஜைக்கு அடியில ஒயரை மிதிக்கிறே, அதான் எல்லாம் கெடுது" என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன். அன்று முதல் அவள் நாற்காலி மேல் காலை மடித்து வைத்துக்கொண்டு, மரத்துப்போன காலோடு நொண்டிக்கொண்டே மாடிப்படி இறங்கிப் போனாள். அதற்கப்புறமும் பொட்டிகள் எழவில்லை.

அப்போதுதான் கேபிள்காரரைக் கூப்பிட்டேன். டிவிக்கு ஒயர் இழுக்கிறவர், ஒயர் என்றால் எல்லாம் ஒயர்தானே என்று நினைத்தேன். வந்தார், அலமாரியைத் திறந்தார், உச்சுக்கொட்டினார். சர்வரை அணைத்துப் போட்டார். அது எழுந்திருக்கும்போது ஆங்கிலத்தில் ஏதோ கேட்டது.

"என்ன கேக்குது?" என்றேன்.

"புதுசு வந்திருக்காம், போட்டுக்கட்டுமான்னு கேக்குதும்மா."

"போடலாமா?"

"அதுவா கேக்கும்போது வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்று சொல்லிக்கொண்டே அழுத்திவிட்டார். ஒரு நீலக்கோடு எறும்பு மாதிரி ஊர்ந்தது. வகுப்பு முடியும்வரை ஊர்ந்தது. கேபிள்காரர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நல்லா வேலை செய்யுது" என்று சொல்லி இறங்கிப் போய்விட்டார். மறுநாள் காலையில் பன்னிரண்டு பொட்டியும் எழவில்லை. இது நாள்வரை பாதி உயிர் இருந்தது, இப்போது அதுவும் போயிற்று. கேபிள்காரருக்கு மறுபடி சொல்லி அனுப்பினேன். வந்து பார்த்து, "கஷ்டம்தான்" என்று சொன்னார். அவ்வளவுதான் அவருடைய வைத்தியம்.

நான் கடைக்காரரிடம் ஸ்டெபிலைசர் இரவல் கேட்கக் கீழே போயிருந்த நேரத்தில்தான் அந்தக் காரியம் நடந்தது. மூக்குக்கண்ணாடி போட்ட அந்தச் சின்னப் பெண் இருக்கிறாளே, முதல் வரிசைக்காரி, அவள் மற்ற மாணவிகளுக்கெல்லாம் போனில் செய்தி அனுப்பிவிட்டாள். பிறகு நானே படித்தேன், அப்படியே எழுதுகிறேன்: "மாமியார் விழுந்துட்டாங்க. காலையில இருந்து எழுந்திருக்கவே இல்ல. வந்து பார்த்தவரும் கஷ்டம்னு சொல்லிட்டார். இன்னைக்கு யாரும் வர வேண்டாம்."

இந்தச் செய்தி தையல்காரம்மா கடையில் மேஜைமேல் இருந்த போனில் வந்து விழுந்தது. அந்த நேரம் பார்த்து அங்கே ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க நின்றது வேறு யாருமில்லை, என் நாத்தனார். அடுத்தவர் போனில் வந்ததைப் படிப்பது அவருக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி. படித்தவர் அரை அளவில் ஜாக்கெட்டை விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார். நான் ஸ்டெபிலைசரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறேன், எனக்குப் பின்னாலேயே "அண்ணி! என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே!" என்று ஒரு ஓலம். திரும்பிப் பார்த்தால் நாத்தனார், அவருக்குப் பின்னால் அவர் மகன், மகன் கையில் சக்கரம் மாதிரி ஒரு மலர்வளையம்.

"நான் எங்கேயும் போகலை. நகருங்க, இது கனமா இருக்கு" என்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அழுகை அப்படியே நின்றது. சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முகத்தில் ஒரு ஏமாற்றம் மாதிரி வந்து போயிற்று. ஓடி வந்த களைப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். "அப்போ இந்தப் பூவை என்ன பண்றது? கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டானே" என்று என்னையே கேட்டார். அவர் மகன் அதை மாடிப்படிக் கைப்பிடியில் சாய்த்து வைத்துவிட்டுப் போய்விட்டான். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்தில் மூன்று பேர் துக்கம் விசாரிக்க வந்தார்கள். மூன்று பேருக்கும் நானே கதவைத் திறந்து, நானே தண்ணீர் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அவர்கள் போன பிறகு அந்தக் கண்ணாடிக்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன்.

"நான் எப்போ விழுந்தேன்?"

"உங்களைச் சொல்லலைம்மா. சர்வரைச் சொன்னேன். நாங்க அதை மாமியார்னுதான் சொல்வோம்."

"ஏன்?"

"அது எழுந்திருச்சாத்தான் நாங்க எழுந்திருக்க முடியும். அது சொல்லாம ஒண்ணும் செய்ய முடியாது. யார் என்ன பண்ணாலும் அதுக்குத் தெரிஞ்சுடும்."

"யார் வச்ச பேரு?"

அவள் தரையைப் பார்த்தாள். பன்னிரண்டு பேரில் ஒருத்தியும் இந்தப் பெயரை வைத்திருக்க முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வகுப்பில் கல்யாணமானவர்கள் உன்னையும் சேர்த்து நாலு பேர், அவர்களில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருப்பது, பாடம் நடத்துகிற நீ மட்டும்தான். கோபம் வந்ததா என்று கேட்டால், வந்தது. சாப்பிடும்போது, பாத்திரம் கழுவும்போது, உன் மாமாவோடு பேசாமல் இருக்கும்போது, எல்லா நேரமும் வந்தது. அன்று சாயங்காலம் நீ போன் பண்ணினாயே, "ஜோரா நடக்குது" என்று சொல்லிவிட்டுப் பட்டென்று வைத்துவிட்டேன். அப்புறம் அந்தக் காலி வகுப்பறைக்கு வந்து சர்வருக்கு எதிரில் உட்கார்ந்தேன். ஒரு காரியத்தையும் தானாகச் செய்ய முடியாமல், பச்சை விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டு கிடந்தது. நீயும் அங்கே இப்படித்தானே கிடக்கிறாய் என்று தோன்றியது. எழுந்திருக்காதே, திரும்பாதே, கவலைப்படாதே என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருக்க, அந்தக் கூரையையே பார்த்துக்கொண்டு. கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த அலமாரிக்கு ஒரு துணி எடுத்துப் போர்த்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். துணி போர்த்தினால் சூடாகிவிடும் என்று உன் புருஷன் ஓடிப்போய் எடுத்துவிட்டான்.

இதற்குள் தலைக்கு மேல் வேறொரு கத்தி. தேர்வு வாரியத்திலிருந்து கடிதம் வந்திருந்தது, வெள்ளிக்கிழமை ஒரு அதிகாரி வந்து பார்ப்பார், எல்லாப் பொட்டியும் ஒரே நேரத்தில் வேலை செய்தால்தான் நம் அறையில் தேர்வு நடத்த அனுமதி என்று. அனுமதி இல்லாவிட்டால் மாணவிகள் தொலைதூரம் போய் எழுத வேண்டும். மற்றவர்கள் எப்படியோ போவார்கள். தையல்காரம்மாவுக்கு அது முடியாது, வீட்டில் நடக்க முடியாத மாமனாரை விட்டுவிட்டு அவள் ஒரு வேளைக்கு மேல் வெளியே தங்க மாட்டாள். இந்த முறை விட்டால் வேலைக்கு விண்ணப்பிக்க வயசும் தாண்டிவிடும். இதை அவளாகச் சொல்லவில்லை, கண்ணாடிக்காரப் பெண்தான் சொன்னாள். நான் அவளைக் காலை மடித்து உட்கார வைத்திருந்தேனே என்று நினைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் புருஷனைக் கூப்பிட்டேன். மாட்டு டாக்டராக இருந்தாலும் டாக்டர் டாக்டர்தானே. வந்து சர்வரின் முதுகில் கையை வைத்துப் பார்த்தான்.

"சூடா இருக்கும்மா."

"அது எனக்கே தெரியும். என்ன செய்யணும்?"

"மாடா இருந்தா சொல்லிடுவேன்" என்றான். அப்புறம் யோசித்து யோசித்து, ஒரு நம்பரை எழுதிக் கொடுத்தான். "இது கம்பெனி உதவி நம்பர். மத்தியானம் மட்டும்தான் எடுப்பாங்க. நல்லவங்க. அவங்க சொல்றபடி மட்டும் செய்யும்மா."

போன் செய்தேன். ஒரு பெண் எடுத்தாள், நல்ல பொறுமைசாலி. எது கேட்டாலும் உடனே பதில் சொல்லாமல் ஒரு மூச்சு நிறுத்தி நிறுத்திப் பேசினாள்.

"அம்மா, கறுப்புத் திரையில முகவரி மாதிரி நம்பர் வருதா? படிங்க."

படித்தேன். "பக்கத்துப் பொட்டியில?" என்றாள். அதையும் படித்தேன்.

"ரெண்டும் வேற வேற மாதிரி ஆரம்பிக்குதும்மா. அப்போ உங்க அறையில ரெண்டு பேர் முகவரி கொடுக்கறாங்க. சர்வர் ஒண்ணு, இன்னொண்ணு யாரோ. யார் முந்திச் சொல்றாங்களோ அவங்க பேச்சைப் பொட்டி கேக்குது. அந்த இன்னொருத்தர் யாருன்னு ஒயரைப் பிடிச்சுக்கிட்டே போய்ப் பாருங்க."

எல்லா ஒயரும் வந்து சேர்கிற கறுப்புப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு போனேன், குனிந்து, தவழ்ந்து, மேஜைக்கடியில் மண்டையை இடித்துக்கொண்டு. கடைசி ஒயர் வாசல் பக்கம் போயிற்று. உன் மாமாவின் நாற்காலிக்கு அடியில், என் சமையலறைத் துண்டில் சுற்றி, நம் வீட்டு வைஃபை பெட்டி! உன் மாமா முழித்துக்கொண்டிருந்தார்.

"இது இங்க எப்படி வந்துச்சு?"

"ஒரு ஓட்டை காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா மாட்டிடுவீங்களா?"

"எனக்குப் பாதி நேரம்தான் செய்தி வந்துச்சு. நான் ஏதாவது சொன்னேனா? பொறுத்துக்கிட்டுதானே இருந்தேன்?" என்றார். தான்தான் பாதிக்கப்பட்டவர் என்கிற மாதிரி. நான் அந்த ஒயரைப் பிடுங்கிய வேகத்தில் துண்டும் கையோடு வந்துவிட்டது.

போனில் அந்தப் பெண் சிரித்தாளா இருமினாளா தெரியவில்லை. "இப்போ முகவரி சரியா வரும்மா. ஆனா அன்னைக்குப் புதுசு போட்டதுல, பொட்டிகளுக்கு அனுப்ப வேண்டிய பொட்டலம் சர்வர்ல கலைஞ்சு போயிருக்கு, புதுசா கட்டணும். சர்வரை அணைக்காம விட்டுட்டுப் போங்க."

"நான் என்ன செய்யணும்?"

"நீங்க ஓய்வெடுங்க."

எனக்கு அது பிடிக்கவில்லை. ஓய்வெடுக்கச் சொல்ல அவள் யார்? நான் அணைக்காமல் விட்டேன், ஆனால் சும்மா இருக்கவில்லை. என் எக்ஸ்சேஞ்ச் பழக்கப்படி ஒவ்வொரு ஒயரையும் கழற்றி, முனையை ஊதி, துடைத்து, திரும்ப மாட்டினேன். சர்வரின் காற்றாடியில் இருந்த தூசியைப் பழைய பல் பிரஷால் எடுத்தேன். போகும்போது அதன் தலையில் தட்டி, "பிள்ளைங்களை எழுப்பிடும்மா" என்றும் சொன்னேன். வேறு யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் வந்து பொட்டிகளைப் போட்டேன். ஒன்று எழுந்தது. இரண்டு. கண்ணாடிக்காரப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். பன்னிரண்டும் எழுந்தது! அதிகாரி வந்தார், எந்நேரமும் பல்வலி வந்தவர் மாதிரி முகம். "யாராவது ஒருத்தர் தட்டச்சு செஞ்சு காட்டுங்க" என்றார். நான் தையல்காரம்மாவை ஜன்னல் பக்கப் பொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போய், "காலைக் கீழ வச்சு, நல்லா சௌகரியமா உட்காரும்மா. ஆட்டணும்னா ஆட்டிக்கோ. அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள், உட்கார்ந்தாள். கால் தையல் மிஷின் மாதிரி ஆட, விரல்கள் அதைவிட வேகமாகப் போயின. அதிகாரி பல்வலியை மறந்து குனிந்து பார்த்தார். அனுமதி கிடைத்துவிட்டது.

ஆகவே மருமகளே, உன் வகுப்புக்கு ஒரு குறையும் வரவில்லை. உனக்கு ஒரு வார்த்தையும் தெரியாமல் எல்லாவற்றையும் நானே சமாளித்துவிட்டேன். நீ குழந்தையோடு வந்ததும், அந்தக் காற்றாடியைப் பல் பிரஷால் எப்படித் துடைப்பது என்று உனக்குக் காட்டுகிறேன். கம்பெனிக்காரர்களுக்குக்கூட இது தெரியவில்லை. பெயர் விஷயத்தை நாம் தனியாகப் பேசிக்கொள்வோம்.

நீயும் உன் பிள்ளையும் நீண்ட ஆயுளோடும், நல்ல தூக்கத்தோடும், ஒயர் எதுவும் இல்லாத அறையிலும் இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உன் அத்தை

பி.கு.: பீரோவில் பூட்டுவதற்கு முன் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை உன் புருஷனிடம் கொடுத்தேன். நடுவிலேயே சிரிக்க ஆரம்பித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பொட்டிகள் படுத்த முதல் நாளிலிருந்தே ஒன்று விடாமல் உன்னிடம் சொல்லியிருக்கிறானாம். அந்த உதவி நம்பர் உன் வார்டு நர்ஸுடையதாம், நீ காதில் சொல்லச் சொல்ல அவள் என்னிடம் பேசினாளாம். சர்வருக்குள் எல்லாவற்றையும் புதுசாகக் கட்டியது போர்வைக்குள்ளிருந்து உன் போன் வழியாக நீதானாம். பல் பிரஷுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். "எனக்குக் கவலை வரக் கூடாதுன்னு அத்தை எவ்வளவு பாடுபடறாங்க, அவங்களுக்குத் தெரிய வேண்டாம்" என்று நீ சொன்னாயாம். எல்லாவற்றுக்கும் மேலே, சும்மா படுத்திருந்தபோது ஏறிக்கொண்டே போன உன் ரத்த அழுத்தம் அந்த வாரம்தான் இறங்கியது என்று டாக்டரே சொல்லிவிட்டாராம்!

சரி. ஒயரைப் பிடுங்கியது நான்தான், அதை யாரும் என்னிடமிருந்து எடுக்க முடியாது. இந்தக் கடிதத்தை இன்றைக்கே அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளையிலிருந்து அந்த நர்ஸும் வேண்டாம், என் பிள்ளையும் வேண்டாம், நேராக எனக்கே போன் பண்ணு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, படுத்துக்கொண்டேதான் பேச வேண்டும், எழுந்தால் வைத்துவிடுவேன். இன்று காலையிலிருந்து மூன்றாவது பொட்டியில் எழுத்தெல்லாம் தலைகீழாக வருகிறது. நான் எதையும் தொடவில்லை. உன் மாமாவை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.